குளத்தைப் படிக்கும் பிள்ளைகள்

(பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஜூன் 5ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் நாள். பள்ளிகள் திறக்கும் வேளையில் அது வருவதால், ஆண்டின் முதல் விழாவாக நாம் அதைக் கொண்டாடுகிறோம். மைதானத்தின் ஓரத்தில் குழி தோண்டி, சிறப்பு விருந்தினரை அழைத்து, பிள்ளைகள் வரிசையாக நிற்க, வேம்போ புங்கையோ நடுகிறோம். ஆனால் நம் சமவெளியில் அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்பது இங்கே பிறந்து வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. குற்றாலத்திலும் பாபநாசத்திலும் சாரல் விழுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிச் சமவெளிக்கு வந்து சேர்வது ஈரமில்லாத காற்று மட்டுமே. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்பதற்கு அந்தக் காற்றுதான் காரணம். முழ உயரக் கன்று ஒன்று ஆனி, ஆடிக் காற்றைத் தாங்கி நிற்க வேண்டுமானால் அதற்கு நாள்தோறும் தண்ணீரும் ஒரு மறைப்பும் வேண்டும். இரண்டும் கிடைக்காத கன்று ஆவணிக்குள் குச்சியாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று நடப்படுகிறது.

நம்முடைய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருவது. புரட்டாசிக் கடைசியில் நட்டால் மழையே கன்றைப் பிழைக்க வைக்கும். இதை அறியாதவர் நம்மில் யாரும் இல்லை. அறிந்திருந்தும் நாட்காட்டியைப் பார்த்து நடுகிறோம். பிள்ளைகள் கூர்மையானவர்கள். கன்று நடுவது முக்கியம், அது பிழைப்பது முக்கியமில்லை என்ற பாடத்தை நாம் வாயால் சொல்லாமலே அவர்கள் படித்துக்கொள்கிறார்கள். இந்த அவையில் நான் சொல்ல வந்த கருத்து இதைச் சார்ந்ததுதான். தன் ஊரின் நீரையோ மண்ணையோ மரத்தையோ பேண வேண்டும் என்ற எண்ணம் ஒரு பிள்ளைக்கு விழாவினால் வருவதில்லை. ஏதேனும் ஒன்றைத் தன்னுடையது என்று ஏற்று, ஓராண்டு முழுவதும் தன் கையால் அளந்து, தன் கையால் எழுதி, அது மாறுவதைத் தன் கண்ணால் பார்த்து வரும்போதுதான் அந்த எண்ணம் வேர்பிடிக்கிறது.

கையால் செய்து கற்பது என்பது புதிய கருத்தன்று. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் மையமே அதுதான். 1977இல் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் சுற்றுச்சூழல் கல்விக்காக உலக நாடுகள் கூடியபோது, அந்தக் கல்வியின் நோக்கங்களை விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என ஐந்தாக வகுத்தார்கள். 1991இல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பணித்தது. 2001இல் தேசியப் பசுமைப் படை தொடங்கப்பட்டு, பள்ளிதோறும் சுற்றுச்சூழல் மன்றங்கள் வந்தன. ஆணைகளுக்கும் அமைப்புகளுக்கும் குறைவில்லை. ஆனால் திபிலிசியில் சொன்ன ஐந்தில் முதல் இரண்டை மட்டும் பாடநூலுக்குள் வைத்து, தேர்வில் கேட்டு, அத்தோடு முடித்துக்கொள்கிறோம். மனப்பாங்கும் திறனும் பங்கேற்பும் வகுப்பறைக்குள் உட்கார்ந்து வரக்கூடியவை அல்ல.

நம் பிள்ளைகள் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே பிள்ளையிடம், நீ தினமும் தாண்டி வருகிற பாளையங்கால்வாய்க்கு எந்த அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வருகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. பழவூர் அணைக்கட்டில் பிரிந்து வரும் அந்தக் கால்வாய் மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் கடக்கும்போது நம் வீட்டுச் சாக்கடைகளைச் சுமந்துகொண்டு போகிறது. பிள்ளைக்கு அது மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய ஓர் இடம். பாடநூலில் இருக்கும் தாமிரபரணி வேறோர் ஆறு. இந்த இரண்டும் ஒரே தண்ணீர் என்று பிள்ளை தானாகக் கண்டுகொள்ளும் நாள்தான் சுற்றுச்சூழல் கல்வி தொடங்கும் நாள் என்பேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது மழைமானி. காசு செலவில்லாத கருவி அது. பக்கங்கள் நேராக உள்ள குளிர்பானப் பாட்டில் ஒன்றை எடுத்து, மேல் பகுதியை வெட்டி, அதைக் கவிழ்த்துப் புனல்போல் அதே பாட்டிலுக்குள் செருக வேண்டும். அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருப்பதால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, பக்கங்கள் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று கோடிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி மில்லிமீட்டர் குறித்த காகிதத்தை ஒட்ட வேண்டும். சுவருக்கும் மரத்துக்கும் தள்ளி, வெட்டவெளியில், காற்றில் சாயாதபடி செங்கற்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். காலை எட்டரை மணிக்கு ஒரு பிள்ளை கண்மட்டத்துக்குக் குனிந்து அளவைப் படித்து, நோட்டில் எழுதி, தண்ணீரைச் சுழியக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வானிலை ஆய்வு மையம் மழையைக் கணக்கெடுப்பதும் அதே எட்டரை மணிக்குத்தான். அதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அந்த வேலைக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை கூடுவதைப் பார்க்கலாம். விடுமுறை நாள்களில் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். மழையே பெய்யாத நாளிலும் சுழியம் என்று எழுத வேண்டும். அதில் மட்டும் தளர்வு கூடாது.

இந்த எளிய நோட்டிலிருந்து எவ்வளவு பாடம் பிறக்கிறது என்பதைச் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். பள்ளி மொட்டைமாடியைப் பிள்ளைகள் நாடாவைப் பிடித்து அளக்கிறார்கள். நூறு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருபது மில்லிமீட்டர் பெய்த நாளில் அந்த மாடியில் விழுந்தது இரண்டாயிரம் லிட்டர். அது குழாய் வழியாக இறங்கி எங்கே போனது? தொட்டிக்கா, கிணற்றுக்கா, வாசலில் தேங்கிச் சாக்கடைக்கா? மழைநீர் சேகரிப்பு அமைப்பு இருக்கிறதா, இருந்தால் அதன் வடிகட்டியைக் கடைசியாக யார் துப்புரவு செய்தார்கள்? இவற்றை நாம் கேட்க வேண்டியதில்லை. கணக்கைப் போட்ட பிள்ளையே கேட்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. செய்தியாகக் கேட்பவருக்கு அது வெறும் எண். நாள்தோறும் மழைமானி பார்த்து, இரண்டு சென்டிமீட்டர் பெய்தாலே நம் தெருவில் தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்துவைத்திருக்கும் பிள்ளைக்கு, 95 சென்டிமீட்டர் என்பது தன் இடுப்புக்கு மேலே நிற்கும் தண்ணீர். அதே நூறு சதுர மீட்டர் மாடியில் 95 ஆயிரம் லிட்டர். அத்தனை தண்ணீரும் ஓடி அடைய வேண்டிய கால்வாயையும், குளத்தின் மிகுநீர் வெளியேறும் மறுகாலையும் நாம் அடைத்துவைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மழை அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, நாளிதழில் வெளிவரும் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தையும் எழுதச் சொல்லுங்கள். பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. மணிமுத்தாற்றுக்கு 118 அடி. ஆனி, ஆடியில் நம் நோட்டில் நாள்தோறும் சுழியம் விழுந்துகொண்டிருக்க, பாபநாசம் அணையின் மட்டம் ஏறிக்கொண்டே போகும். கார் பருவ நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீரும் வரும். இங்கே ஒரு சொட்டும் பெய்யவில்லையே, ஆற்றில் தண்ணீர் ஏது என்ற கேள்வி அப்போது எழும். பொதிகையின் சோலைக்காடு மழையைப் பஞ்சாகப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல ஊறவிடுவதையும், 1988இல் களக்காடு - முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதையும், புலிக்கும் சோலைமந்திக்கும் விட்டுவைத்த அந்தக் காடுதான் நம் வயலுக்கும் குடத்துக்கும் தண்ணீர் தருகிறது என்பதையும் சொல்ல அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது.

அடுத்தது குளம். நம் சீமையில் பள்ளிக்கு நடை தூரத்தில் குளம் இல்லாத ஊர்கள் மிகக் குறைவு. ஆண்டுக்கு இரண்டு முறை, குளம் பெருகிக் கிடக்கும் தை மாதத்தில் ஒரு தடவையும், நீர் தேங்கும் உள்வாய் வறண்டு கிடக்கும் சித்திரைக்கு முன்பு ஒரு தடவையும், பிள்ளைகள் அதைச் சுற்றி நடந்து படம் வரைய வேண்டும். குளத்து நீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எந்தப் பக்கம், எத்தனை மடை, எந்த மடை எந்த வயற்பற்றுக்குப் பாயும், மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்து எந்தக் குளத்துக்குப் போகும் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும்போது, பிள்ளைகள் அதுவரை வெறும் பள்ளமாகப் பார்த்துவந்த ஒன்று பல தலைமுறை அறிவால் கட்டப்பட்டது என்று உணர்கிறார்கள். படத்தில் வேறு சிலவும் ஏறும். சாக்கடை எங்கே கலக்கிறது, கோழிக்கடைக் கழிவு எந்த மூலையில் கொட்டப்படுகிறது, சீமைக்கருவேல் கரையிலிருந்து எவ்வளவு தூரம் உள்வாய்க்குள் இறங்கியிருக்கிறது, அமலைச்செடி என்னும் ஆகாயத்தாமரை நீரில் எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் மறைக்காமல் குறிப்பார்கள். இந்த ஆண்டுப் படத்தையும் சென்ற ஆண்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்தாலே போதும்.

கரையோரத்து நீரைக் கொஞ்சம் அள்ளி ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பிள்ளைகளை அதைச் சுற்றி உட்காரவையுங்கள். முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. கலங்கல் அடங்கியதும் மெல்ல எல்லாம் அசையத் தொடங்கும். கொசுப்புழு வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அந்த வால் நுனிக் குழலால் அது மூச்சு வாங்குகிறது. அடியில் சேற்று நிறத்தில் ஒன்று கல்போல் கிடக்கும்; கொசுப்புழு அதன் முன்னால் வந்ததும், முகத்தின் கீழே மடித்துவைத்திருந்த தாடையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நீட்டிக் கவ்விக்கொள்ளும். அதுதான் தட்டானின் இளம்பருவம் என்று சொல்லும்போது, தட்டானை வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். நீர் நல்ல நிலையில் இருந்தால், வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாகச் செவுள்கள் துடிக்க, நீண்ட மெல்லிய வால்களோடு மேஃபிளையின் இளம்பூச்சிகள் இருக்கும். சாக்கடை கலக்கும் இடத்திலோ அவை இரா. நூல் போன்ற சிவப்புப் புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும். நம் குருதியில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள் அவற்றின் உடலிலும் இருப்பதால், உயிர்வளி குறைந்த நீரிலும் அவை பிழைத்துக்கொள்கின்றன. ஆய்வகம் இல்லாமல், வேதிப்பொருள் இல்லாமல், இந்த மடையில் நீர் எப்படி, அந்த மூலையில் எப்படி என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஓரளவு சொல்லிவிடலாம். பார்த்து முடித்ததும் தட்டில் உள்ளதை எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதையும் பாடத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும்.

தை மாதத்தில் குளத்துக்குப் போகும்போது பறவைகளைக் கணக்கெடுக்கலாம். முக்குளிப்பான், நாமக்கோழி, பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை எனப் பத்துப் பறவைகளை அடையாளம் காணப் பழகினால் தொடக்கத்துக்குப் போதும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் ஜனவரி மாதங்களில் தன்னார்வலர்களைக் கொண்டு நடந்து வருகிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அதை ஒருங்கிணைக்கிறது. மாணவர்களும் அதில் சேர்ந்துகொள்கிறார்கள். பிள்ளை எழுதிய எண் உண்மையான ஓர் ஆவணத்தில் போய்ச் சேர்கிறது என்பது சிறிய செய்தியன்று. மதிப்பெண்ணுக்காக எழுதும்போது வராத கவனம், யாரோ ஒருவர் இதை நம்பப்போகிறார் என்று தெரிந்து எழுதும்போது வருகிறது.

இந்த இடத்தில் கூந்தன்குளத்தைச் சொல்லாமல் போக முடியாது. நாங்குநேரி வட்டத்தில் உள்ள அந்த ஊர் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்புக்கு முன்பே அவ்வூர் மக்கள் பறவைகளைத் தம் வீட்டு விருந்தாளிகளாக வைத்துக் காத்தவர்கள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டும். இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்திறங்கும். பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை. எச்சம் விழுந்து ஊறிய குளத்து மண்ணை வயலுக்கு உரமாக அடிக்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் தனியாகச் சுற்றுச்சூழல் பாடம் நடத்தவில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்துத் தீனி கொடுத்துத் தேற்றும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்ததே அவர்களுக்குப் பாடம். உங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு சுற்றுலாவுக்குத்தான் வசதி உண்டு என்றால், கூந்தன்குளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்; பறவைகளைப் பார்க்கும் நேரத்துக்குச் சமமாக, ஊர்ப் பெரியவர்களோடு பிள்ளைகள் பேசவும் நேரம் ஒதுக்குங்கள்.

குப்பைக்கு வருகிறேன். பெரும்பாலான பள்ளிகளில் மாலையில் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறோம். அந்தப் புகையைப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள் என்பது ஒருபுறம். தோட்டத்துக்கு உரம் வாங்கப் பணம் இல்லை என்று சொல்லிக்கொண்டே உரத்தை எரிக்கிறோம் என்பது மறுபுறம். சத்துணவுக் கூடத்திலிருந்து நாள்தோறும் காய்கறித் தோலும் முட்டை ஓடும் வருகின்றன. ஒரு கூடை பச்சைக் கழிவுக்கு இரண்டு மூன்று கூடை சருகு என்ற கணக்கில் அடுக்கி, பிழிந்த துணியின் ஈரம் இருக்கும்படி தண்ணீர் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் எரு ஆகிவிடும். நான்கைந்து நாளில் குவியலுக்கு நடுவே ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, சற்று நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி சுடும். அடுப்பு இல்லை, வெயில் படவில்லை, சூடு எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் வியந்து நிற்கும்போது நுண்ணுயிர்ப் பாடத்தை எடுத்தால், அது மறக்காது.

மட்காத குப்பையை ஒரு வாரம் சேர்த்துவைத்து, தரம் பிரித்து, எடை போட வேண்டும். பிறகு பழைய இரும்புக் கடைக்காரரைப் பள்ளிக்கு அழைத்து, இவற்றில் எதை வாங்குவீர்கள், எதை வாங்க மாட்டீர்கள் என்று கேட்கலாம். பாட்டிலை வாங்குவார், அட்டையை வாங்குவார். பிஸ்கட் உறை, சிப்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட் ஆகியவற்றைத் தொட மாட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு தாள்களை ஒட்டிச் செய்த உறையைப் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வது கடினம் என்பது அந்த உரையாடலிலேயே விளங்கிவிடும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. அவற்றில் எவையெவை இன்னும் நம் பள்ளிக் குப்பையில் கிடக்கின்றன என்று பிள்ளைகள் பட்டியல் எடுக்கட்டும். உறையைத் தயாரித்து விற்பவருக்கும் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உண்டு என்று 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. ஆகவே தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சி வரும்போது, எடை போட்ட கணக்கோடு நிறுவனத்துக்கே ஒரு கடிதம் எழுதலாம். குப்பை என்பது பிள்ளைகளின் குற்றம் மட்டுமே என்பதுபோல் நாம் பேசிவருவது நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மரம் நடுவதாக இருந்தால் பனையில் தொடங்குங்கள். அது தமிழ்நாட்டின் மாநில மரம். நம் செம்மணல் தேரிக்காட்டு ஊர்களில் வாழ்வாதாரம். குளக்கரையின் மண்ணைப் பிடித்துவைப்பது. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். விதையைப் பொறுக்கிச் சேர்த்து, மழைக்கு முன்பாகக் கரையின் வெளிச்சரிவில் ஓரடிப் பள்ளத்தில் புதைத்தால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கொஞ்சம் விதைகளைப் பள்ளித் தோட்டத்தில் மணலைக் குவித்து நெருக்கமாகப் பதித்துவையுங்கள். இடையில் சில கொட்டைகளை வெட்டி, உள்ளே பஞ்சுபோல் இருக்கும் தவுணைத் தின்னக் கொடுங்கள். மற்றவற்றைத் தைப் பொங்கலுக்கு முன் தோண்டினால் கிழங்கு. தோண்டும்போது பிள்ளைகள் ஒன்றைக் கவனிப்பார்கள்: விதையிலிருந்து வந்த முளை வெளிச்சத்தைத் தேடி மேலே வராமல் முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிறது, நாம் தின்னும் கிழங்கு அந்த முளைதான். வறண்ட நிலத்தில் பனை நிற்பது எப்படி என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. கரையில் புதைத்த விதை காய்ப்புக்கு வரப் பதினைந்து ஆண்டுகள் போலும் ஆகும். பாளை விடும்வரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது. தாம் வளர்ந்து பெரியவர்களான பிறகு பயன் தரப்போகும் ஒன்றைப் பன்னிரண்டு வயதில் விதைப்பது பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. பனையேறும் தொழிலாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, பதநீர் இறக்குவதையும் கருப்பட்டி காய்ச்சுவதையும் அவர் வாயால் சொல்லவைத்தால், அந்தத் தொழில் செய்வோரின் பிள்ளைகள் வகுப்பில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தொழில் என்ற அந்தச் சொல்லிலிருந்தே, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். செயல்வழிக் கல்வி என்ற பெயரில் பிள்ளைகளிடம் கூலி வேலை வாங்கக் கூடாது. பிள்ளை அளந்து, யோசித்து, முடிவெடுக்க இடமில்லாத வேலை எதுவும் கல்வியாகாது. குளத்து உள்வாயில் வளர்ந்த சீமைக்கருவேலை வெட்டுவது பெரியவர்களின் வேலை. எங்கே வெட்ட வேண்டும் என்று படம் வரைவது பிள்ளைகளின் வேலை. இன்னும் ஒன்று உண்டு. கூட்டுகிற வேலையும் குப்பையைத் தொடுகிற வேலையும் எந்தப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கின்றன என்பதை நம் மாவட்டத்தில் ஆசிரியர்கள் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு விளக்குமாறும் ஆண் பிள்ளைகளுக்கு அளவுநாடாவும் போவதும், சில தெருப் பிள்ளைகளுக்கு மட்டுமே எருக்குழி வாய்ப்பதும், யாரும் திட்டமிடாமலே நடந்துவிடும். சீட்டுக் குலுக்கிப் போட்டு, எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலையையும் முறைவைத்துச் செய்ய வேண்டும். ஆசிரியரும் அந்த முறையில் ஒருவராக இருக்க வேண்டும். இதைச் செய்யாத பள்ளியில் குளம் துப்புரவானாலும் கல்வி அழுக்காகவே இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் மணல் அள்ளிய குழிகள் மேலே தெரியாது. ஆகவே ஆற்றுக்குள்ளும் பெருகிய குளத்துக்குள்ளும் எந்தப் பிள்ளையும் இறங்கக் கூடாது, நீரைப் பெரியவர்தான் அள்ளித் தர வேண்டும். கண்ணாடித் துண்டு, ஊசி, மருந்துக் கழிவு ஆகியவற்றைப் பிள்ளைகள் தொடவே கூடாது. பெற்றோரின் எழுத்து இசைவும், உடன்வரும் பெரியவர்களும், முதலுதவிப் பெட்டியும் இல்லாமல் பள்ளி வாசலைத் தாண்ட வேண்டாம்.

பாடத்தை முடிக்கவே நேரம் இல்லை, இதற்கு எங்கே போவது என்று இங்கே அமர்ந்திருக்கும் பலரும் மனத்துக்குள் கேட்பது எனக்குப் புரிகிறது. அந்தச் சுமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மழை நோட்டில் சராசரியும் வரைபடமும் இருக்கின்றன. மாடியை அளப்பதில் பரப்பளவும் கனஅளவும் இருக்கின்றன. வெள்ளைத் தட்டில் உணவுச் சங்கிலி இருக்கிறது. நீர்பாய்ச்சியிடம் கேட்டு எழுதுவதில் கட்டுரைப் பயிற்சியும் ஊர் வரலாறும் இருக்கின்றன. தனியாக ஒரு பாடவேளை கேட்காமல், இருக்கும் பாடவேளைகளையே வெளியே நகர்த்தினால் பெரும்பகுதி நடந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரே ஒரு மழைமானியை ஓராண்டு இடைவிடாமல் பார்த்த பள்ளி, பத்து விழா நடத்திய பள்ளியைவிட அதிகம் செய்திருக்கிறது.

ஆண்டு முடிவில் அந்த நோட்டு என்ன ஆகிறது என்பது மிக முக்கியம். அது ஆசிரியர் அறை அலமாரிக்குள் போய்விட்டால் பிள்ளைகளின் உழைப்பு வீண். எட்டாம் வகுப்பு அதை ஏழாம் வகுப்புக்குக் கைமாற்றிக் கொடுத்து, எப்படிப் பார்ப்பது, எப்படி எழுதுவது என்று பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். ஊருக்கும் அது தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அந்தக் கூட்டத்தில், இந்த ஆண்டு நம் ஊரில் எத்தனை நாள் மழை பெய்தது, மொத்தம் எவ்வளவு, குளம் எப்போது மறுகால் பாய்ந்தது, வரத்துக்கால் எந்தெந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாம் வரைந்த படத்தை விரித்துவைத்து வாசிக்கட்டும். அதற்கு ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் பத்துப் பதினைந்து நாள் முன்பே தலைமையாசிரியர் எழுத்தில் கேட்டு, கூட்டப்பொருளில் சேர்க்கச் சொல்ல வேண்டும். வாசித்த கணக்கும் வைத்த கோரிக்கையும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கின்றனவா என்று பிள்ளைகளோடு போய்ப் பார்த்து, அதன் நகலை வாங்கி அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். அடுத்த கிராம சபை மே 1. அன்று கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி கூறி அமைகிறேன். வணக்கம்.